ஆல்ட் கீயும் திக்விரதமும்

நோட்பேட் பிளஸ் பிளஸில் ஆல்ட் கீயை அழுத்திப் பிடித்தபடி மவுஸைக் கீழே இழுத்தால், வரி வரியாகப் பிடிபட வேண்டிய எழுத்துகள் நெட்டுக்குத்தாகப் பிடிபடும். நாற்பது வரிக்குக் குறுக்கே ஒரே கர்சர் மேலிருந்து கீழாக நீண்டு மினுக்கும். இப்போது ஒரு சுழியைத் தட்டினால் நாற்பது வரியிலும் சுழி விழும். அழிக்கும் கீயைத் தட்டினால் நாற்பது வரியிலும் ஓரெழுத்து போகும். விஎஸ் கோடில் இதற்கு ஷிஃப்டும் ஆல்ட்டும் சேர்ந்து வேண்டும், விம்மில் கன்ட்ரோல்-வி. எந்த எடிட்டரானாலும் விரல் ஒருமுறை அசைகிறது, செயல் பல இடங்களில் நடக்கிறது.

அப்படியானால் நான் செய்தது ஒரு செயலா, நாற்பதா? நாற்பதுக்கும் நான் தனித்தனியே பொறுப்பாளியா? கூட வேலை செய்கிறவர்களுக்கு இது கேள்வியாகவே படுவதில்லை. எனக்குப் படுகிறது. கொல்லாமையை முதல் அறமாகக் கொண்ட வீட்டில் வளர்ந்தவன் நான். பிறருடைய பெயர்ப் பட்டியல்களைத் திருத்திப் பிழைக்கிறவன்.

நாங்கள் வந்தவாசிப் பக்கத்து நயினார்கள், தமிழ்ச் சமணர்கள். எங்கள் ஆயா குடிநீரை வெள்ளைத் துணியில் வடிகட்டித்தான் குடத்தில் பிடிப்பார். அதோடு விட்டுவிட மாட்டார். துணியைத் திருப்பி, அதில் தங்கியதை எந்தக் கிணற்றில் நீர் மொண்டாரோ அதே கிணற்றில் அலசி இறக்குவார். ஒரு கிணற்று உயிரை இன்னொரு கிணற்றில் விட்டால் பிழைக்காது என்பார். பொழுது சாய்ந்தபின் அவருக்குச் சாப்பாடு கிடையாது. மண்ணுக்கடியில் விளையும் கிழங்கு எதுவும் அவர் வாயில் பட்டதில்லை.

கிழங்கை விலக்கியதற்குப் பின்னால் ஒரு பெரிய சிந்தனை இருக்கிறது. உயிர்களை வகைபிரிக்கும் சமண நூல்கள் நிகோதம் என்று ஒன்றைச் சொல்கின்றன. ஓர் உடம்பு, அதற்குள் எண்ணற்ற உயிர்கள். அவை சேர்ந்தே பிறக்கின்றன, சேர்ந்தே மூச்சு விடுகின்றன, சேர்ந்தே உண்கின்றன, சேர்ந்தே மடிகின்றன. ஆனாலும் அவை ஒன்றாகிவிடுவதில்லை. ஒவ்வொன்றும் தனி உயிர், தன் வினையைத் தானே சுமக்கும் உயிர். கிழங்கு அத்தகைய உயிர்களின் உறைவிடம். கத்தி ஒருமுறை இறங்கினாலும் வெட்டுப்படுவது ஒன்றல்ல. நாற்பது வரியும் ஒரே துடிப்பாக மினுக்குவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நிகோதம்தான் நினைவுக்கு வருகிறது. ஒரே அசைவில் பலவற்றைத் தொடுகிறவனின் பொறுப்பு என்ன என்பதைக் கம்ப்யூட்டர் வருவதற்கு மிக முன்பே எங்கள் முன்னோர் யோசித்திருக்கிறார்கள். அந்த யோசனையைத்தான் என் மேசைக்குக் கொண்டுவரப் பார்க்கிறேன்.

மேசையில் இருப்பது இது. ஓய்வூதியம், உதவித்தொகை, கூலி என்று வங்கிக் கணக்கில் போய்ச் சேர வேண்டிய பணத்துக்கான பட்டியல்கள் எங்களிடம் வரும். அவற்றைச் சரிபார்த்து, வங்கி கேட்கும் வடிவத்துக்கு மாற்றிக் கொடுப்போம். எக்செல்லில் திறந்தால் கணக்கு எண்ணின் முன்னால் இருக்கும் சுழிகளை அது சத்தமில்லாமல் விழுங்கிவிடும். அதனால் வெறும் எழுத்து ஃபைலாகத்தான் திறப்போம். ஒரு வரி என்றால் ஓர் ஆள். இந்த எழுத்திலிருந்து இந்த எழுத்து வரை கணக்கு எண், அதற்கடுத்து பெயர், அதற்கடுத்து தொகை. தொகை பைசாவில், முன்னால் சுழிகள் நிரப்பி இருக்கும். நடுவில் காற்புள்ளி கிடையாது, கோடு கிடையாது. எத்தனையாவது இடம் என்பதுதான் பொருளைத் தீர்மானிக்கும்.

ஒரு மனிதருக்கு ஒரு வரி என்ற ஏற்பாடு பழையது. 1890ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹெர்மன் ஹாலரித்தின் எந்திரங்கள் எண்ணியது துளையிட்ட அட்டைகளை. ஓர் ஆளுக்கு ஓர் அட்டை. துளை எந்த இடத்தில் விழுந்திருக்கிறதோ அதை வைத்து வயது, பால், தொழில். 1928இல் ஐபிஎம் எண்பது பத்தி அட்டையைக் கொண்டுவந்தது. ஃபோர்ட்ரான் மொழி அந்த அட்டையை நம்பியே எழுதப்பட்டது: முதல் ஐந்து பத்தி வரி அடையாளத்துக்கு, ஆறாவது பத்தி தொடர்ச்சிக் குறிக்கு, ஏழிலிருந்து எழுபத்திரண்டு வரை கட்டளை. அட்டை மறைந்துவிட்டது. எண்பது என்ற அகலம் மட்டும் புரோகிராம் எழுதுகிறவர்களின் பழக்கத்தில் இன்றும் இருக்கிறது. அட்டைக் காலத்தில் ஆயிரம் பேரின் விவரத்தில் ஒரே திருத்தம் செய்ய வேண்டுமென்றால் ஆயிரம் அட்டையும் தனித்தனியாக மீண்டும் துளைபட்டு வர வேண்டும். இப்போது ஆல்ட் கீ போதும். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. மனித உழைப்பை வீணாக்காத கருவி நல்ல கருவி.

சிக்கல், ஒத்துப்போகாத வரியில் இருக்கிறது. எல்லாக் கணக்கு எண்ணும் பதினோரு இலக்கம் என்று நம்பி, நெட்டுக்குத்தாகப் பிடித்து, முன்னால் ஆறு சுழி சேர்க்கிறோம். முப்பத்தொன்பது வரிக்குச் சரி. ஒருவருடைய எண் பதினைந்து இலக்கம். அவர் வரியில் எல்லாமே நான்கு இடம் தள்ளிப்போகும். கணக்கு எண்ணின் வால் பெயருக்குள் நுழையும், பெயரின் வால் தொகைக்குள் நுழையும். வங்கி அந்த வரியைத் திருப்பிவிடும். மாதம் பிறந்ததும் எங்கள் ஊரில் வங்கி வாசலில் கிழவிகள் பாஸ்புக்கோடு உட்கார்ந்திருப்பதை நான் பார்த்து வளர்ந்தவன். பணம் ஏறவில்லை என்று கவுன்ட்டரில் சொன்னால் ஏன் என்று கேட்கக்கூட அவர்களுக்குத் தெரியாது. அடுத்த மாதம் பார்க்கலாம் என்று பஸ் ஏறிவிடுவார்கள்.

இந்த ஒத்துப்போகாத வரியை எடிட்டர்களே ஒரே மாதிரி நடத்துவதில்லை. விம்மில் நெட்டுக்குத்தாகப் பிடித்துப் பெரிய 'ஐ' தட்டி எழுதினால், பிடித்த இடம் வரை எட்டாத குட்டை வரி தொடப்படாமல் விடப்படும். பெரிய 'ஏ' தட்டினால், அந்தக் குட்டை வரியையும் இடைவெளி போட்டு நீட்டி, அதன்பின் எழுத்தைச் சேர்க்கும். ஒன்று விட்டுவிடுகிறது, மற்றொன்று வலிந்து சேர்த்துக்கொள்கிறது. இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. விம்மில் இப்படி எழுதும்போது மாற்றம் முதல் வரியில் மட்டுமே தெரியும். எஸ்கேப் தட்டிய பிறகுதான் மற்ற வரிகளில் அது இறங்கும். எழுதுகிறவனின் கண் முன்னால் இருப்பது ஒரே ஒரு வரி. மற்றவை அவன் செயலுக்கு ஆளாகக் காத்திருப்பது அவன் கண்ணில் படுவதே இல்லை.

எழுத்துக்கு உயிர் இல்லையே, இதில் கொல்லாமை எங்கே வந்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சமணம் தீங்கை இரண்டாகப் பிரிக்கிறது. ஓர் உயிரின் உடம்புக்கு நேர்வது ஒன்று. செய்கிறவனின் உள்ளத்தில் நிகழ்வது இன்னொன்று. இரண்டாவதே மூலம். உமாசுவாதி தத்துவார்த்த சூத்திரத்தில் இம்சைக்கு இலக்கணம் வகுக்கும்போது, விழிப்பின்றிச் செய்யும் செயலால் உயிருக்குக் கேடு விளைவதையே இம்சை என்கிறார். குந்தகுந்தர் பிரவசனசாரத்தில் இன்னும் ஒரு படி போகிறார்: உயிர் செத்ததா பிழைத்ததா என்பது இருக்கட்டும், கவனமில்லாமல் நடந்தவனுக்கு இம்சை நிச்சயம், கவனத்தோடு நடந்தும் தீங்கு நேர்ந்தால் அந்தத் தீங்கு மட்டுமே அவனைக் கட்டாது. எங்கள் ஊரிலிருந்து தொலைவில் இல்லாத பொன்னூர் மலைமேல் குந்தகுந்தரின் பாதங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. சின்ன வயதில் அங்கே விழுந்து கும்பிட்டிருக்கிறேன். அவர் சொன்னதன் கடுமை எனக்கு வேலைக்கு வந்த பிறகுதான் உறைத்தது. நாற்பது வரியையும் பார்க்காமல் திருத்தி, எல்லாம் தற்செயலாகச் சரியாகவே அமைந்துவிட்டாலும், அவர் கணக்கில் நான் தப்பவில்லை.

பௌத்தர்கள் இதை வேறு மாதிரி பார்த்தார்கள். எண்ணமே வினை என்பது அவர்கள் நிலை. கெட்ட எண்ணம் இல்லாதவனைப் பழி ஒட்டாது. உயர்ந்த கொள்கைதான், மனத்தின் முதன்மையை உணர்ந்தவர்கள் சொன்னது. ஆனாலும் நான் சமணர் பக்கம் நிற்கிறேன், பிறப்பால் மட்டும் அல்ல. எங்கள் நீலகேசி, பௌத்த ஆசான்களைத் தேடித் தேடிப் போய் வாதிடுகிற பெண். அவள் பெயரையே கொண்ட நூலை 1936இல் அ. சக்கரவர்த்தி நயினார் பதிப்பித்தார். அதில் ஊன் உண்ணுதல் பற்றிய வாதம் வருகிறது. கொன்றவன் வேறு, தின்றவன் வேறு, ஆகவே தின்றவனுக்குப் பழி இல்லை என்பதை அவள் ஏற்பதில்லை. செயலுக்கும் தனக்கும் நடுவில் இன்னொரு கையை வைத்துவிட்டால் பொறுப்பு விலகாது. பட்டியல் தவறினால் சாஃப்ட்வேர் செய்தது என்று சொல்லும் வழக்கம் எல்லா அலுவலகங்களிலும் இருக்கிறது. அதைக் கேட்கும்போது நீலகேசி எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும் போல் இருக்கும். யாருக்கும் கெடுதல் நினைக்காத ஆயிரம் பேர் சேர்ந்துதான் ஒரு கிழவிக்குப் பணம் வராமல் செய்ய முடிகிறது. எண்ணத்தை மட்டும் விசாரித்தால் அங்கே குற்றவாளி யாரும் அகப்பட மாட்டார்.

சமண முனிவருக்கு ஐந்து சமிதிகள், அதாவது ஐந்து வகைக் கவனம் விதிக்கப்பட்டிருக்கிறது. நடப்பதில், பேசுவதில், உணவு ஏற்பதில், பொருளை எடுப்பதிலும் வைப்பதிலும், கழிவை விடுவதில். நான்காவது எனக்காகவே சொன்னது போல் இருக்கும். ஏட்டையோ கமண்டலத்தையோ எடுக்குமுன் பார்க்க வேண்டும், மயிற்பீலியால் மெல்லத் துடைக்க வேண்டும். வைக்கும் இடத்திலும் அப்படியே. வெட்டி எடுத்து ஒட்டி வைப்பதையே நாள் முழுதும் செய்கிற என் தொழிலுக்கு இதைவிடப் பொருத்தமான விதி வேறு எங்கே கிடைக்கும்? இல்லறத்தானுக்கு முனிவர் அளவு கடுமை கிடையாது. பிழைப்பில் தவிர்க்க முடியாமல் நேரும் தீங்கை உத்யோகி என்று தனியாகப் பிரித்து, அதை முற்றாக விடச் சொல்லாமல், கவனத்தோடு குறைக்கச் சொல்கிறார்கள். சலுகை இருக்கிறது. கவனம் என்ற நிபந்தனையும் இருக்கிறது.

எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருநாள் கேட்டாள்: "நாலாயிரம் வரி சார். ஒவ்வொண்ணா பாக்கணும்னா அப்புறம் இந்த வசதி எதுக்கு?"

கெட்டிக்காரி. அவள் கேட்டதைத் தட்டிக்கழிக்க முடியாது. நாலாயிரம் பரவாயில்லை, நாலு லட்சம் வரி வந்தால்? கண்ணுக்கு எல்லை உண்டு. விழிப்புக்கும் எல்லை உண்டு. பார்க்க முடியாத அளவுக்குச் செயல் பெருத்துவிட்டால் சமணன் என்ன செய்வது?

இதற்கான விடை சமிதியில் இல்லை, இல்லறத்தாரின் விரதங்களில் இருக்கிறது. குணவிரதம் மூன்றில் முதலாவது திக்விரதம். எல்லாத் திசையிலும் இதுவரைதான் போவேன், இதற்கு அப்பால் என் செயல் நீளாது என்று வாழ்நாளுக்கு எல்லை கட்டிக்கொள்வது. அடுத்தது தேசவிரதம். அந்த எல்லையையும் இன்னும் சுருக்கி, இத்தனை நாளைக்கு இந்த ஊர், இந்தத் தெரு, இந்த வீடு என்று வைத்துக்கொள்வது. பயணத்தைத் தடுக்கிற பழைய கட்டுப்பாடு என்றுதான் முன்பு நினைத்திருந்தேன். அதன் உட்பொருள் வேறு. கண் எட்டாத இடத்தில் நான் செய்யும் செயலுக்கு என்னால் பொறுப்பேற்க இயலாது. ஆகவே கண் எட்டும் இடம் வரைக்கும் செயலைச் சுருக்கிக்கொள்கிறேன். கவனத்தைச் செயலின் அளவுக்கு விரிக்க முடியாதபோது, செயலைக் கவனத்தின் அளவுக்குக் குறைப்பது. அறத்தைப் பற்றி நான் அறிந்தவற்றில் இதைப் போல நடைமுறைக்கு உதவுவது வேறில்லை.

ஆகவே அந்தப் பெண்ணிடம், பட்டியலை உடைக்கச் சொன்னேன். திரையில் மேலும் கீழும் உருட்டாமல் தெரிகிற அளவுக்கு ஒரு பகுதி. அந்தப் பகுதிக்குள் ஆல்ட் கீயைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். பிடிக்குமுன் வரிகளை நீள வரிசையில் அடுக்கிப் பார்க்க வேண்டும். மிகக் குட்டையும் மிக நெட்டையும் ஓரத்துக்கு வந்து தம்மைக் காட்டிக்கொள்ளும். ஒரே சொல் பல வரியில் இருந்து அதை மாற்ற வேண்டுமென்றால், விஎஸ் கோடில் எல்லாவற்றையும் ஒரே தட்டில் பிடிக்கும் கன்ட்ரோல்-ஷிஃப்ட்-எல் இருக்கிறது. அதைத் தொடாமல் கன்ட்ரோல்-டி தட்டலாம். அது ஒவ்வொரு தட்டுக்கும் அடுத்த ஓர் இடத்துக்கு மட்டும் போகும். வேண்டாத இடம் வந்தால் கன்ட்ரோல்-கே, கன்ட்ரோல்-டி என்று தாண்டலாம். தப்பாகப் பிடித்துவிட்டால் கன்ட்ரோல்-யு கடைசிக் கர்சரை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ளும். நடக்கும் இடத்தைப் பார்த்துப் பார்த்துக் காலடி வைக்கும் முனிவருக்கு இந்தக் கன்ட்ரோல்-டி பிடிக்கும் என்று நினைக்கிறேன். முதல் பிரதியைத் தொடாமல் அதன் இடத்திலேயே வைத்திருக்க வேண்டும் என்பதையும் சொன்னேன். அது ஆயாவின் கிணற்றிலிருந்து நான் கற்றது.

மூன்றாவது குணவிரதத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. அனர்த்ததண்ட விரதம், பயனில்லாமல் ஒன்றைத் துன்புறுத்தாதிருத்தல். சும்மா இலையைக் கிள்ளாதே, சும்மா மண்ணைத் தோண்டாதே என்பது. புரோகிராம் எழுதுகிறவர்களில் சிலர் சமக்குறிகளை நெட்டுக்குத்தாக ஒரே நேரில் வைத்து அழகு பார்ப்பார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஒரு மாறியின் பெயரை இரண்டெழுத்து நீட்டினால் சுற்றியுள்ள இருபது வரியையும் நகர்த்த வேண்டிவரும். அந்த இருபதில் எதுவும் உண்மையில் மாறவில்லை. ஆனால் மாறியதாகப் பதிவாகும், உண்மையான ஒரே மாற்றம் அந்தக் கும்பலில் மறைந்துபோகும். நெட்டுக்குத்துத் தேர்வு இருப்பதால்தான் இந்த ஆசையே வருகிறது. தேவையில்லாமல் எந்த வரியையும் தொடாதிருப்பது ஒரு விரதம் என்றே நான் கொள்கிறேன்.

தமிழ்ப் பெயர்ப் பட்டியலில் நெட்டுக்குத்தாகப் பிடிக்கும் ஆசை தானாகவே குறைகிறது. காமாட்சி என்பது நமக்கு நான்கு எழுத்து. யூனிகோடுக்கு எட்டுக் குறி. வள்ளி நமக்கு மூன்று, அதற்கு ஐந்து. எழுத்துருவிலும் நம் எழுத்துகள் ஒரே அகலத்தில் நிற்பதில்லை. ஆகவே தமிழ்ப் பெயர்களைக் குறுக்கே வெட்டிப் பிடிக்கப் பார்த்தால் நேர்கோடு அமையாது; எவருடைய பெயர் எங்கே முடிகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்க்காமல் தீராது. நண்பர்கள் இதைத் தொல்லை என்று சொல்வதுண்டு. நான் அப்படி நினைப்பதில்லை.

கருவி செய்கிறவர்களிலும் இந்தக் கவலை உள்ளவர்கள் இருந்திருக்கிறார்கள். கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் மில்லரும் பிராட் மையர்ஸும் பல இடங்களை ஒரே சமயத்தில் திருத்தும் முறையை 2001இல் வெளியிட்டார்கள். ஒரு பதிவில் நாம் செய்வதைப் பார்த்து மற்றப் பதிவுகளிலும் அதையே செய்யும் ஏற்பாடு அது. அதே ஆண்டில், பிடிபட்டவற்றுள் மற்றவை போல் இல்லாத இடங்களைக் கண்டுபிடித்துத் தனியாக நிறமிட்டுக் காட்டும் வழியையும் அவர்கள் கொண்டுவந்தார்கள். ஒத்துப்போகிற பெரும்பான்மையை விட்டுவிட்டு, விலகி நிற்கும் ஒருவர் பக்கம் நம் கண்ணைத் திருப்புவது. இன்று நம் கையில் இருக்கும் எடிட்டர்கள் பல கர்சரை எடுத்துக்கொண்டன, இந்த இரண்டாவதை எடுத்துக்கொள்ளவில்லை. அது பெரிய இழப்பு.

எங்கள் சமயமே மொத்தமாக ஒன்றைச் செய்வதுண்டே என்று யாரேனும் கேட்டால், ஆம், செய்கிறது. அன்றாடத் தியானத்தில் எல்லா உயிர்களிடமும் ஒரே மூச்சில் மன்னிப்புக் கேட்கிறோம். அதில் பெயர் கிடையாது, வரி கிடையாது. இரண்டும் முரணா என்று நெடுங்காலம் யோசித்திருக்கிறேன். முரணில்லை. யாருக்கு என்ன தீங்கு செய்தோம் என்பது முழுதும் தெரியவராது. தெரியாததற்கு மொத்தமாகத்தான் கேட்க முடியும். பட்டியல் அப்படியல்ல. அதற்கு முதல் வரி உண்டு, கடைசி வரி உண்டு, எல்லாம் என் எதிரில் இருக்கிறது. தெரிந்துகொள்ள முடிந்தவர்களிடம் தெரியாதவர்போல் நடந்துகொள்ள எனக்கு உரிமை இல்லை. தசலட்சணப் பருவம் முடிந்ததும் மன்னிப்புக் கேட்கும் நாள் வரும். அன்று தெரிந்தவர்களிடம் நேரில் போய்த்தான் கேட்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான். எல்லோருக்கும் ஒரே செய்தியை வாட்ஸ்அப்பில் அனுப்புவது எனக்கு உவப்பாக இல்லை.

மாலையில் வீட்டுக்குக் கிளம்புமுன் பழைய ஃபைலையும் புதிய ஃபைலையும் ஒப்பிட்டு ஓட்டுவேன். டிஃப் என்ற நிரல் 1970களில் யூனிக்ஸில் பிறந்தது. எந்த வரி எப்படி இருந்தது, எப்படி ஆனது என்று மாறிய வரிகளை மட்டும் ஒவ்வொன்றாகக் காட்டும். அன்று செய்த பிழைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்துத் திரும்பும் பிரதிக்கிரமணத்தை ஆயா விளக்கு வைக்கும் நேரத்தில் செய்வார். நான் அதை வீட்டிலும் செய்கிறேன், அலுவலகத்திலும் செய்கிறேன்.

பட்டியலோடு வேலை செய்கிற தம்பி தங்கைகளே, உங்கள் சமயம் எதுவானாலும் சரி, சமயமே வேண்டாம் என்பவரானாலும் சரி, ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஆல்ட் கீயைப் பிடித்துக் கீழே இழுத்தபின், எதையும் தட்டுவதற்கு முன்னால், பிடிபட்ட வரிகளை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படியுங்கள். பெயரோடு படியுங்கள்.